ஏழாவது பங்கர்

கார்த்திகை மழை தொடங்கினால் குளம் நிறைய வேண்டும் என்று கமக்காரர் கும்பிடுவார்கள். குளக்கட்டைப் பார்க்கிறவனும் அதையேதான் கும்பிடுவான். ஆனால் கூடவே ஒரு சொல் சேர்த்துக்கொள்வான்: மெதுவாக. நான் முப்பத்துநான்கு வருடம் அப்படிக் கும்பிட்டவன்.

என் மகள் இந்த வருடம் நீர்ப்பாசன வேலைக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்திருக்கிறாள். அவளோடு பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் நீங்கள் நாலைந்து பேர் போன மாதம் நெளுக்குளத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். "அங்கிள், உங்கட சேர்விஸில நடந்த பெரிய விசயம் ஒண்டு சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். நான் யானை துரத்திய கதை, வெள்ளத்தில் ஜீப் நின்ற கதை என்று சொல்லிச் சிரிக்கப் பண்ணி அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போகும்போது சொன்னாள்: "அப்பா, நீங்கள் வென்ற கதையெல்லாம் சொன்னீங்கள். பிழை விட்ட கதை ஒண்டும் சொல்லேல்லை."

அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மண்வெட்டி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்து, வேலையை மேற்பார்க்கிற ஓவசியராக ஓய்வு பெற்றேன். எழுத்துப்பிழை இருந்தால் மகள் திருத்துவாள். விசயத்தை மட்டும் திருத்தக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

புளியங்குளத்திலிருந்து கிழக்கே உள்ளே போனால் வருகிற ஒரு நடுத்தரக் குளம். பெயர் வேண்டாம். கட்டு தெற்கு வடக்காக ஒரு மைல் நீளம். கட்டுக்குக் கீழே முப்பது குடும்பம், அதற்கு அப்பால் வயல். மீள்குடியேற விட்ட முதல் வருடம் நாங்கள் அந்தக் கட்டில் போய் நின்றபோது, அதில் ஏழு பங்கர்கள் இருந்தன.

சண்டைக் காலத்தில் ஷெல் அடிக்குப் பயந்து சனம் வெட்டியவை அவை. ஊரிலேயே உயரமும் இறுக்கமுமான மண் அந்தக் கட்டுத்தான். குளக்கட்டை வெட்டக் கூடாது என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் வெட்டினார்கள். உயிர் தப்ப வேறு இடம் இல்லாதவர்களை யார் குறை சொல்வது? வயல் பக்கத்துச் சரிவில் வாசல் வைத்து, உள்ளே போய், பிறகு ஒரு பக்கம் திரும்புகிற மாதிரி 'ட' வடிவத்தில் வெட்டியிருப்பார்கள். ஷெல் துண்டு நேரே உள்ளே வராமல் இருப்பதற்காக அப்படி. மேலே தென்னங்குற்றிகளை அடுக்கி மண் மூடியிருக்கும்.

மாரிக்கு முன் ஏழையும் மூடித் தரச் சொல்லி எனக்கு உத்தரவு. மூடுவது என்றால் மண்ணைத் தள்ளி நிரப்புவது இல்லை. குற்றி முழுவதையும் வெளியே எடுத்து, நல்ல மண் வரும் வரை வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மண் போட்டு, நனைத்து, இடித்து இறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஆறை அப்படித்தான் செய்தோம். இன்றைக்கும் அந்த ஆறின் மேலும் நான் பாய் போட்டுப் படுப்பேன்.

ஏழாவதுக்கு வந்தபோது ஐப்பசி முடிகிற நேரம். எங்களிடம் இருந்த ஒரேயொரு மண் தோண்டும் மெசினை வேறொரு குளத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பங்கரின் குற்றிகள் ஆழத்தில் இறுகிக் கிடந்தன. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. என்னோடு நின்ற வேலையாள் சொன்னார்: "ஓவசியர், இதைக் கிளப்பினா பாதிக் கட்டு வெளியில வரும். திறந்த வாக்கில மழை பிடிச்சுதெண்டா நாங்கள் எல்லாரும் கடலுக்குத்தான்."

அவர் சொன்னது சரி. "மூடுங்கோ" என்றேன். குற்றி உள்ளே கிடக்க மேலே மண் போட்டு இடித்து மூடினோம். மூன்றாம் நாள் மழை பிடித்தது.

பிள்ளைகளே, அன்று மூடியது பிழை இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். மழைக்கு முன்னால் கட்டைத் திறந்து வைத்திருப்பது அதைவிட ஆபத்து. பிழை எங்கே என்றால், அறிக்கையில் நான் "ஏழும் பூர்த்தி" என்று எழுதியது. "ஆறு பூர்த்தி, ஒன்று தற்காலிகம், கோடையில் திரும்பத் திறக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஏன் எழுதவில்லை? அதற்கு நான் அப்போது எங்களுக்கு மேலே இருந்த பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. நேரத்துக்கு வருவார், ஒருவரிடமும் கை நீட்டமாட்டார். ஆனால் பிழை என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குக் கண் சிவந்துவிடும். குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற கதவைத் துருசு என்போம். துருசு திறக்கிற ஆள் ஒருநாள் அவர் முன்னால் வந்து, "ஐயா, துருசுத் தண்டு சுத்தேக்க சத்தம் போடுது. ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

"நீ என்ன செய்து பழுதாக்கினனீ?" என்று பெரியவர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

அந்த மனுசன் ஒன்றும் செய்யவில்லை. சத்தம் கேட்டதைச் சொல்ல வந்தவர். அதற்குப் பிறகு அவர் சத்தத்தைக் கேட்டாலும் கேட்காத மாதிரித் திரிந்தார். அடுத்த சிறுபோகத்தில், பயிருக்குத் தண்ணீர் திறக்க வேண்டிய நாளில், தண்டு முறிந்தே போய்விட்டது. "ஏன் முதலே சொல்லேல்லை?" என்று பெரியவர் கத்தினார். நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஆளும் நிலத்தைத்தான் பார்த்தார்.

அப்படிப்பட்டவரிடம் "ஒன்றைச் சரியாக மூடவில்லை" என்று எழுதிக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. பெரியவர் மாற்றலாகிப் போன பிறகு சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் மூன்று மாரி போய்விட்டது, கட்டு அசையவில்லை. நாலாம் மாரியில் நான் செய்தது சரிதான் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. பிழை பலிக்காமல் போனால் அது கொஞ்ச நாளில் அனுபவம் என்று பெயர் மாற்றிக்கொள்ளும். புதிதாக வந்த ஆட்களிடம், "எல்லாத்தையும் தோண்டி எடுக்கத் தேவையில்லை, மண் தன்பாட்டில இறுகும்" என்று புத்திகூடச் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

கட்டுக்குக் கீழே முதல் வீட்டு வளவு பவளமக்காவுடையது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். புருசன் இல்லை, மகனும் மருமகளும் கூட இருக்கிறார்கள். ஒவ்வொரு மாரிக்கும், குளம் அரைவாசி நிறைந்த உடனேயே, அவாவிடமிருந்து எனக்கு அழைப்பு வரும். "தம்பி, பாலை மரத்தடியில கட்டு ஈரமாக் கிடக்கு. ஒருக்கா வந்து பார்." பாலை மரத்தடி என்றால் அந்த ஏழாவது பங்கர் இருந்த இடம். போய்ப் பார்ப்பேன். கட்டின் அடியில் கொஞ்சம் தெளிந்த நீர் கசியும். மண் கட்டு என்றால் அது எங்கேயும் உள்ளதுதான். "அக்கா, மாரி எண்டா கட்டு ஈரமாத்தான் கிடக்கும்" என்று சொல்லிவிட்டு வருவேன். எங்கள் நீர்ப்பாசனக் கந்தோரில் அவாவுக்கு 'ஈரமக்கா' என்று ஒரு பட்டம். அந்தப் பட்டத்தை வைத்தவன் நான்தான்.

எட்டு வருடம் இப்படிப் போனது. எனக்கு ஐம்பத்தேழு வயதாக இருக்கும்போது புதிய பொறியியலாளர் ஒருவர் வந்தார். பருத்தித்துறைப் பக்கத்துப் பெண்பிள்ளை. வயது முப்பது இருக்காது. என் மூத்த மகனுக்கு ஒரு வயது இளையவர் என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். மிஸ் என்று கூப்பிடுவோம்.

வந்த முதல் நாளே எங்களை இருத்தி வைத்து, "எனக்கு இந்தக் குளத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சா நாளைக்கு எல்லாருக்கும்தான் கரைச்சல். கட்டில நடந்து காட்டுங்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தெரியாது என்று சொல்லவா இவ்வளவு படித்தார் என்று நினைத்தேன். ஒரு மைல் கட்டையும் வெயிலில் நடந்தோம். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்: "இந்தக் கட்டில உங்களுக்குப் பயமான இடம் எது?" துருசுக்காரர் ஒன்று சொன்னார். காவலாளி ஒன்று சொன்னார். கொப்பியில் எழுதினார்.

என்னிடம் கேட்டபோது நாங்கள் பாலை மரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம்.

"அப்பிடி ஒண்டும் இல்லை மிஸ்" என்றேன்.

அந்த வருடக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. குளம் முட்டி, மேலதிகத் தண்ணீர் வான் என்கிற கலிங்கு வழியாகப் பாய்ந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் காலை எட்டு மணிக்குப் பவளமக்கா போன் எடுத்தார். இந்த முறை ஈரம் என்று சொல்லவில்லை. "தம்பி, தண்ணி சிவப்பா வருது" என்றார்.

மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கட்டின் அடியில் கால் மொத்தத்துக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பவளமக்கா இரண்டு சோடாப் போத்தல்களை என் முன்னால் நீட்டினார். ஒன்று விடிய ஆறு மணிக்குப் பிடித்த தண்ணீர், மற்றது எட்டு மணிக்குப் பிடித்தது. முதல் போத்தலின் அடியில் ஒரு விரல் மண் படிந்திருந்தது. இரண்டாவதில் மூன்று விரல்.

தெளிந்த தண்ணீர் கசிந்தால் கட்டு வியர்க்கிறது என்று அர்த்தம். மண்ணோடு வந்தால் கட்டு உள்ளே கரைகிறது என்று அர்த்தம். தென்னங்குற்றி எட்டு வருடத்தில் உக்கி, உள்ளே ஒரு குழாய் மாதிரி வழி விட்டிருக்கிறது. இதை அங்கு நின்றவர்களில் அறிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன்.

மிஸ்ஸுக்கு அறிவித்தேன். "தண்ணி மண்ணோட வருது மிஸ்" என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவர் வந்து சேருவதற்குள் ஊர்ப் பொடியள் உரப்பையில் மண் நிரப்பி அந்தத் துவாரத்துக்குள் திணிக்கத் தொடங்கிவிட்டார்கள். நானும், "இன்னும் நாலு மூட்டை கொண்டு வாங்கோ, அடைப்பம்" என்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றேன். முப்பது வருடம் கட்டுகளில் நின்ற ஓவசியர்!

மிஸ் ஜீப்பால் இறங்கியதும் துவாரத்தைப் பார்க்கவில்லை. முதலில் வீடுகளைப் பார்த்தார். "கட்டுக்குக் கீழ உள்ள சனம் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போகவேணும். இப்பவே. வேலை இல்லாத ஒருத்தரும் கட்டு மேல நிக்க வேண்டாம்" என்று கிராம அலுவலரை அனுப்பினார். துருசை முழுதாகத் திறக்கச் சொன்னார். அப்படித் திறந்தால் பள்ளக் காணிகளில் ஒரு மாதப் பயிர் மூழ்கும். எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து சொன்னவர் பவளமக்கா: "என்ர வயல்தான் முதல் மூழ்கும், பிள்ளை. திறவுங்கோ. பிறகு விதைக்கலாம்."

அதன் பிறகுதான் மிஸ் துவாரத்துக்கு வந்தார். மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "ஐயா, உந்த மூட்டையளை எடுக்கச் சொல்லுங்கோ" என்றார்.

"அடைக்க வேண்டாமோ மிஸ்?"

"அடைச்சா அது வேற வழியால உடைச்சுக்கொண்டு வரும். தண்ணி வரட்டும். மண் வரக்கூடாது. தேத்தண்ணி வடிக்கிற மாதிரி. சுத்திவர மூட்டை அடுக்கி, உள்ளுக்குப் பருமணலும் சல்லியும் போடவேணும்." பிறகு குரலைத் தணித்து என்னிடம் மட்டும் சொன்னார்: "நான் இதைப் படிச்சனான், செய்து பார்த்ததில்லை. நீங்கள் மூட்டை அடுக்கிப் பழகின ஆள். ரெண்டையும் சேர்ப்பம்."

சேர்த்தோம். ஆனால் அது நேரம் வாங்குகிற வேலை மட்டும்தான். குளப் பக்கத்தில் தண்ணீர் உள்ளே நுழைகிற வாயைக் கண்டுபிடித்து மூடினால்தான் கட்டு தப்பும். முள்ளம்பன்றி வளையாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார், பாலை மர வேர் உக்கியிருக்கும் என்று இன்னொருவர். வளை என்றால் துவாரத்துக்கு நேர் எதிரேதான் வாய் இருக்கும். யோசேப்பு என்று ஒரு தம்பி, முல்லைத்தீவுக் கரையிலிருந்து அந்த ஊரில் கலியாணம் செய்து, எங்கள் குளத்தில் வலை போடுகிறவர். அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்க ஆயத்தமாக நின்றார். "கடல்ல சாகாத என்னைக் குளத்தில சாகவிட்டிடாதையுங்கோ, மாமியார் சிரிப்பா" என்று பகிடி விட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நேர் எதிரே தேடினால் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பங்கர் உள்ளே போய்த் திரும்புகிறது. வாய் வேறெங்கோ இருக்கும். யோசேப்பு தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்க, கட்டு உள்ளே கரைந்துகொண்டே இருக்கும். சொல்ல வேண்டும். ஆனால் ஊர் முழுக்கச் சுற்றி நிற்கிறது. 'ஏழும் பூர்த்தி' என்று எழுதிய கை என்னுடையது. வேலை போனால், பென்சன் போனால் என்று நினைத்தேன். அதைவிட, அந்தச் சனத்தின் முகம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிற வரிசை எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் நான் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றேன். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் உங்களுக்கு மறைத்து யானைக் கதை சொன்னேன்.

மிஸ் எங்கள் முகங்களைப் பார்த்தார். என் முகத்தில் ஏதாவது தெரிந்ததோ, தெரியாது. மழைக் கோட்டின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"நேற்றுப் பின்னேரமே நான் இஞ்ச வந்து கட்டைப் பார்த்திருக்க வேணும். மழை கூட எண்டு நாளைக்குப் போவம் எண்டு விட்டிட்டன். அது என்ர பிழை. அதை நான் எழுதுவன். இப்ப ஆருடைய பிழை எண்டு பார்க்க நேரமில்லை. இந்த இடத்தைப் பற்றி ஆருக்கும் என்னவும் தெரிஞ்சா, இப்ப சொல்லுங்கோ."

அந்தப் பிள்ளை தன் பிழையை முதலில் நிலத்தில் வைத்தது. அதன் பக்கத்தில் என்னுடையதை வைக்க இடம் கிடைத்தது போல இருந்தது.

"மிஸ், அது வளை இல்லை" என்றேன். "பங்கர். நான்தான் மூடினனான். குற்றியை எடுக்காம மூடினனான். எடுத்ததா எழுதினனான்."

நான் ஏச்சுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

"எந்த வடிவம்?" என்றார் மிஸ்.

"ட வடிவம். உள்ள போய்த் திரும்பும்."

"எந்தப் பக்கம் திரும்பும்?"

அங்கேதான் எனக்கு உலகம் நின்றது. தெற்கா, வடக்கா? எட்டு வருடம் மனதுக்குள் வைத்திருந்தேன். குற்றியும் குற்றமும்தான் நினைவில் நின்றன. பக்கம் நினைவில் இல்லை. எழுதி வைக்காத விசயம் அப்படித்தான், தேவைப்படும்போது பாதிதான் கையில் வரும். "தெரியேல்லை மிஸ்" என்றேன். அழுகை வந்தது.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல்: "வடக்க. வடக்க திரும்பிப் பதினைஞ்சு அடி ஓடும்."

பவளமக்கா. சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு நின்றார்.

"எங்கட பங்கர்தான், பிள்ளை. நானும் என்ர மனுசனும் வெட்டினது. குளக்கட்டை வெட்டினது பெரிய குற்றம் எண்டு பிடிப்பாங்கள் எண்டு பயத்தில வாய் திறக்கேல்லை. அதுதான் இந்தத் தம்பிக்கு வருசா வருசம் ஈரம் ஈரம் எண்டு போன் எடுத்தனான்." என்னைப் பார்த்தார். "நீ ஒருக்காலும் ஏனக்கா எண்டு கேட்கேல்லையே, தம்பி."

அந்த ஒரு சொல்லைத் தாங்கிக்கொள்ள எனக்கு நேரம் தரப்படவில்லை. நல்லதாய்ப் போயிற்று. எனக்கு ஒரு யோசனை வந்தது. "உமி கொண்டு வாங்கோ" என்றேன். ஊரில் நெல்லுக் குத்துகிற வீடு எதிலும் உமி இருக்கும். பதினைந்து அடி வடக்கே தள்ளிக் கரையோரத் தண்ணீரில் உமியைத் தூவினோம். முதலில் அலையோடு சும்மா மிதந்தது. பிறகு ஓரிடத்தில் ஒன்றுகூடி மெல்லச் சுழலத் தொடங்கியது. யோசேப்பு இறங்கினார். நாலு பேர் கயிற்றைப் பிடித்தோம். கழுத்தளவு தண்ணீரில் காலால் தடவிக்கொண்டு போனவர் திடீரென்று, "இழுக்குது! இழுக்குது! பிடியுங்கோடா!" என்று கத்தினார்.

அந்த ஊரில் எல்லோர் வீட்டிலும் ஒரு பொருள் இருந்தது: அகதி முகாமில் கூடாரம் அடித்த தறப்பாள். திரும்பி வந்து எட்டு வருடமாகியும் ஒருவரும் அதை எறிந்திருக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு தறப்பாள் வந்தது. மடித்து, விளிம்பில் மூட்டை கட்டி, யோசேப்பு காலால் காட்டிய இடத்தில் இறக்கினோம். அதன் மேல் மண் மூட்டை. நூறோ இருநூறோ, எண்ணவில்லை. மிஸ்ஸும் மூட்டை தூக்கினார்.

பிறகு செய்ய ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர. பவளமக்கா மணிக்கு ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து வரிசையாக வைத்தார். பதினொரு மணிப் போத்தல் சிவப்பு. பன்னிரண்டு மணிப் போத்தல் சிவப்பு. ஒரு மணிக்குத் தேத்தண்ணி நிறம். மூன்று மணிக்குப் பிடித்த போத்தலை அவா தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். அதற்குள்ளால் அவா முகம் தெரிந்தது.

யோசேப்பு சேற்றில் மல்லாந்து படுத்துவிட்டார். "குடிக்கலாம் போல கிடக்கு" என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். பகிடி அவ்வளவு பெரியதல்ல, ஆனாலும் சிரித்தோம். சில பேர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் பாலை மரத்தடியில் குந்தியிருந்தேன். மிஸ் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டு வந்து கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

இரண்டாம் நாள் கந்தோரில் அறிக்கை எழுத வேண்டி வந்தது. மிஸ் தன் பகுதியை முதலே எழுதி வைத்திருந்தார். வாசிக்கச் சொன்னார். முந்தின பின்னேரம் வராமல் விட்டதை ஒரு சாட்டும் சொல்லாமல் எழுதியிருந்தார். "இனி உங்கட பகுதி, ஐயா" என்று பேனையைத் தந்தார். "பவளமக்காவின்ர பங்கர் எண்டு எழுத வேணுமோ மிஸ்?" என்று கேட்டேன். "சண்டைக் காலத்தில வெட்டின பங்கர் எண்டு எழுதுங்கோ. அதுவும் உண்மைதானே" என்றார்.

ஒரு விசயத்தில் அவரோடு எனக்கு மனத்தாங்கலும் வந்தது. கோடையில் ஏழாவதை முழுதாகத் தோண்டிச் சரி செய்த பிறகு, மற்ற ஆறில் ஒன்றையும் திறந்து பார்ப்போம் என்றார். "என்னில நம்பிக்கை இல்லையோ மிஸ்?" என்று கேட்டேன். "இருக்கு. அதாலதான் உங்களையே தோண்டச் சொல்லுறன்" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தோண்டினேன். மண் கல்லு மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை, அவர் சும்மா நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் பெற்றிருக்க முடியாது.

அதற்குப் பிறகு கந்தோர் மேசையில் ஒரு கொப்பி கிடந்தது. அவசரத்தில் அரைகுறையாகச் செய்த வேலையை அவரவர் தாமே எழுதி வைப்பதற்கு. முதல் வாரம் அது வெறுமையாகக் கிடந்தது. இரண்டாம் வாரம் துருசுக்காரர் ஒரு வரி எழுதினார். ஒருவரும் அவரை ஏசவில்லை. மாதம் முடிய அது பாதி நிறைந்துவிட்டது. என்னுடையது மட்டும் மூன்று பக்கம்! ஐம்பத்தேழு வயதில், மகன் வயதுப் பெண்ணிடம், வேலையை முதலில் இருந்து படித்தேன். கட்டின் குறுக்குவெட்டுப் படம் கீறவும் அவரிடம்தான் பழகினேன். அது வரைக்கும் தெரிந்த மாதிரித் தலையாட்டிக்கொண்டு இருந்தவன் நான். உங்களுக்கு நான் சொல்லக் கூடியது இதுதான்: நாளைக்கு நீங்கள் பொறுப்புக்கு வந்தால், உங்களுக்குக் கீழே உள்ளவன் பிழையைச் சொல்ல வரும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். குளம் தப்புவதும் உடைவதும் சில வேளை அந்த முகத்தில் இருக்கிறது. ஒருவர் திரும்பத் திரும்ப ஒரே முறைப்பாட்டோடு வந்தால், அலுத்துக்கொள்ளாமல் ஏன் என்று ஒருதரம் கேளுங்கள். நான் பவளமக்காவிடம் கேட்டிருந்தால் அந்த நாளே வந்திருக்காது. அவா வயல் அழிந்து திரும்ப விதைத்தபோது நாங்கள் கந்தோர் ஆட்கள் எல்லோரும் இறங்கி வரம்பு கட்டிக் கொடுத்தோம். பட்டப்பெயரை நான் அவாவிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்குத் தெரியும். நான் உனக்கு வைச்ச பேரை நீ கேட்டா தாங்கமாட்டாய்" என்றார். கடைசி வரை சொல்லவில்லை.

என்னுடைய தண்டனைக் கடிதம் ஐந்து மாதம் கழித்துத் தபாலில் வீட்டுக்கு வந்தது. உறையைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னேன். இத்தனை வருடமும் அவளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த கதை முழுவதையும் அப்போதுதான் சொன்னேன். பிறகு உறையை அவளிடம் கொடுத்து, "நீர் வாசியும், என்னால ஏலாது" என்றேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். கடுமையாக எச்சரிக்கப்படுகிறீர், இனிமேல் அறிக்கைகளில் உண்மை நிலை பதியப்பட வேண்டும், உமது சேவைக் கோவையில் இது சேர்க்கப்படும். அவ்வளவுதான். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"இந்த ஒரு தாளுக்குத்தானோ எட்டு வருசம் மாரிக்கு மாரி சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வைச்சிட்டு எழும்பினனீங்கள்?" என்று கேட்டாள். "நான் என்ர சமையல் சரியில்லையாக்கும் எண்டு நினைச்சு, எத்தினை விதமாக் கறி வைச்சன்!"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவளுக்குக் கோபம்தான். கோபத்தோடேயே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். சாப்பிட்டு முடித்துச் சோற்றுக் கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.